குடத்துக்கு ஞாபகம் கிடையாது

தாட்சாயணி வாயைத் திறப்பதற்கு முன்பே முதல் செருப்பு வந்து திரையில் விழுந்தது. உப்பங்குளம் சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டு நின்றவர்கள், "இன்னொண்ணு போடுடா" என்று கத்தினார்கள். வாரியம் அவளோடு அனுப்பியிருந்த இரண்டு காவலர்களும் மெல்ல வாசல் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்கள்.

கூட்டத்தின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கடல் மட்டம் ஏறியதிலிருந்து மணற்பாக்கம் நகரத்தின் மழைத்தண்ணீர் கடலுக்குள் வடிவதில்லை. மேற்கே உள்ள பெரிய ஏரி நிரம்பினால் கரையை உடைத்துக்கொண்டு ஊரையே வாரிக்கொண்டு போய்விடும். அதனால் நகரத்தை ஒன்பது வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கரை எழுப்பி, ஏரியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதகு வைத்திருந்தார்கள். தண்ணீர் அபாயக் கோட்டைத் தொட்டால் ஒரே ஒரு மதகைத் திறப்பார்கள். அந்த வட்டம் மூழ்கும். மற்ற எட்டும் பிழைத்துக்கொள்ளும்.

எதைத் திறப்பது என்பதை ஒரு காலத்தில் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அவர்கள் முடிவு செய்த வரைக்கும் பங்களாக்கள் இருந்த வட்டம் ஒன்றுகூட நனைந்ததில்லை. கலவரம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. கடைசியில் சட்டசபை ஒரு சட்டம் போட்டது: இனி இதில் மனிதர் கை படக் கூடாது, குலுக்கல்தான்.

அந்தக் குலுக்கலுக்கான மென்பொருளை எழுதியவள் தாட்சாயணி. வெள்ளப் பங்கீட்டு வாரியத்தின் புள்ளியியலாளர். இரண்டு வானொலி நிலையங்களுக்கு நடுவே கேட்கும் இரைச்சல் இருக்கிறதே, அதிலிருந்து அவளுடைய நிரல் ஓர் எண்ணைப் பொறுக்கி எடுக்கும். அந்த இரைச்சலை யாரும் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, வளைக்கவும் முடியாது. சோழர் காலத்துக் குடவோலையை நினைத்து ஜனங்களே அதற்குக் குடம் என்று பேர் வைத்தார்கள். கல்யாணம் முறிந்து, தனியாளாக நாற்பதைத் தாண்டிவிட்ட தாட்சாயணிக்கு, தான் இந்த உலகத்தில் செய்த உருப்படியான ஒரே காரியம் அதுதான் என்று நினைப்பு.

அந்தக் குடம் உப்பங்குளம் வட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை எடுத்துவிட்டது.

"இதுல யாரும் ஏமாத்தலை. அதைக் காட்டத்தான் வந்திருக்கேன்" என்றாள். தாட்சாயணி மடிக்கணினியைத் திறந்தாள். "இப்ப நான் ஒரு பட்டனைத் தட்டுவேன். கம்ப்யூட்டருக்குள்ள நம்ம ஊர் மாதிரியே ஒரு ஊர் வரும். ஒன்பது வட்டம். இதுவரைக்கும் நமக்கு நடந்த மாதிரியே பன்னிரண்டு குலுக்கல். யாருக்கு எத்தனை தடவை தண்ணி போச்சுன்னு பாருங்க."

திரையில் தண்ணீர் போன வட்டங்களுக்கெல்லாம் தூண்கள் எழுந்தன. ஒன்று உயரம், இரண்டு குட்டை, இரண்டு இடங்களில் தூணே இல்லை. மறுபடி தட்டினாள். வேறு தூண்கள், வேறு உயரங்கள். நாலாவது ஊரில் ஆறாம் வட்டம் அடுத்தடுத்து மூன்று முறை மூழ்கியது. அவள் அதைச் சிவப்பு நிறமாக்கிக் காட்டினாள்.

"பார்த்தீங்களா? இங்கே அதிகாரி இல்லை, அமைச்சர் இல்லை. சும்மா வந்தது. இப்படி ஆயிரம் ஊரை உண்டாக்கினா, நூறுக்கும் மேல ஊர்ல ஏதாவது ஒரு வட்டம் தொடர்ந்து மூணு தடவை மாட்டும். ஒவ்வொரு தடவையும் குடம் புதுசா எடுக்குது. போன தடவை யாரை எடுத்தோம்கிற ஞாபகமே அதுக்குக் கிடையாது. அதனாலதான் அது நேர்மையானது."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். குட்டியானை வண்டி ஓட்டுகிறவள், பேர் தேசம்மா. காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டிருந்தாள். அவள் எழுந்ததும் கூட்டம் தானாக அடங்கியது.

"அந்த ஆயிரம் ஊர்ல எத்தினி பேரு செத்தாங்க?"

"அது வெறும் கணக்கும்மா. அதுல யாரும்…"

"இங்க செத்தாங்க. ரெண்டாவது வாட்டி தண்ணி வடிஞ்சதும் எங்க வூட்டுக்காரரு மீட்டர் பொட்டிய தொறந்தாரு. கை ஒட்டிக்கிச்சு. கட்டையால அடிச்சுப் பிரிச்சேன், நானே. மூணாவது வாட்டி அவுரு போட்டோவத் தூக்கிக்கினு ஓடினேன்." தேசம்மா திரையைக் காட்டினாள். "நீ பட்டனத் தட்டினா வேற ஊரு வருது. எங்களுக்கு வேற ஊரு வருமா?"

தாட்சாயணி பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"சரி, உன் வூடு எங்க கீது?"

பொய் சொல்லியிருக்கலாம். "சிலம்பேரி" என்றாள்.

"அங்க எத்தினி வாட்டி?"

"ஒரு தடவையும் இல்லை. ஆனா அதுவும் தற்செயல்தான், எல்லா ஊர்லயும் ஒண்ணு ரெண்டு வட்டம் அப்படித் தப்பிக்கும்…"

மீதியை யாரும் கேட்கவில்லை. நாற்காலிகள் பறந்தன. புரொஜெக்டர் உடைந்தது. ஒரு காவலர் அவள் கையைப் பிடித்துப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடியபோது நெற்றியில் ஏதோ பட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தேசம்மா மட்டும் எழுந்த இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

மறுநாள் வாரிய ஆணையர் வில்பிரட் அவளைக் கூப்பிட்டார். நெற்றித் தையலைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, மேஜைமேல் இரண்டு படங்களை வைத்தார். இரண்டிலும் வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகள். ஒன்றில் புள்ளிகள் அங்கங்கே ஈ மொய்த்ததுபோல் கும்பலாகவும் நடுவில் வெற்றிடமாகவும் கிடந்தன. மற்றதில் பரவலாக, இடம் விட்டுவிட்டு இருந்தன.

"எது தானா விழுந்தது, சொல்லுங்க."

"கும்பலா இருக்கறது. மத்தது யாரோ ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளி வெச்சது."

"அமைச்சரவைல காட்டினேன். எல்லாரும் ரெண்டாவதைத்தான் சொன்னாங்க. படிச்சவங்களே!" வில்பிரட் சிரித்தார். "ஜனங்களுக்கு நிஜமான தற்செயல் வேண்டாம் தாட்சாயணி. தற்செயல் மாதிரி தெரியற ஒண்ணு வேணும். குடத்துக்குக் கொஞ்சம் ஞாபகத்தைப் போடுங்க. ஒரு தடவை மாட்டின வட்டம் அடுத்த தடவை மாட்டற வாய்ப்பு குறையணும். யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"சட்டப்படி எல்லா வட்டத்துக்கும் சம வாய்ப்பு சார். இது மோசடி."

"நேத்து உங்களை அடிச்சாங்களே, அது நேர்மைக்குக் கிடைச்ச பரிசு."

அவள் புள்ளிப் படங்களைத் தள்ளி வைத்தாள். "சரி, செஞ்சா எதிலிருந்து ஆரம்பிக்கறது? முதல் குலுக்கல்லேர்ந்தா?"

"சேச்சே. இன்னிலேர்ந்து."

"அப்ப உப்பங்குளம் மூணு தடவை முழுகினது?"

"அது முடிஞ்சுபோன கதை. முதல்லேர்ந்து எண்ணினா இதுவரைக்கும் மாட்டாதவங்க யாரு? உங்க சிலம்பேரி. அப்புறம் கோட்டைமேடு. கோட்டைமேட்டுல யார் யார் குடியிருக்காங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

தாட்சாயணி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் போய்விட்டால் வில்பிரட் வேறு யாரையாவது வைத்து, இன்றையிலிருந்து என்றே செய்துவிடுவார். அது மறதியிலேயே படு அயோக்கியமான மறதி. இதுவரை தப்பித்தவன் இனிமேல் கணக்கு வைத்துக்கொள்ளலாம், இதுவரை பட்டவன் மறந்துவிட வேண்டும் என்பது.

ஆகவே அவள் ஞாபகத்தைப் போட்டாள். ஆனால் முதல் குலுக்கலிலிருந்தே போட்டாள். ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் ஒரு வட்டத்தின் பங்கு பாதியாகக் குறையும்படி எழுதி, ஆயிரம் ஊர்களை உண்டாக்கிப் பார்த்தாள். தூண்கள் அறுத்து வைத்த செங்கல் போல ஒரே மட்டத்தில் வந்து நின்றன. அப்படி ஓர் அழகான படத்தை அவள் போட்டதே இல்லை. அடுத்த குலுக்கலுக்கு மட்டும் தனியாகப் படம் போட்டாள். உப்பங்குளத்தின் தூண் தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டு தூண்கள் மட்டும் மற்றவற்றை விட ஓங்கி நின்றன. ஒன்று கோட்டைமேடு. இன்னொன்று அவளுடைய வீடு இருந்த சிலம்பேரி. ஒன்பதில் ஒன்றாக இருந்த வாய்ப்பு கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகியிருந்தது.

அவள் அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன டீயைக் குடித்தாள். பிறகு நிரலைச் சேமித்து, "நீங்க சொன்ன மாதிரி செஞ்சாச்சு சார்" என்று வில்பிரட்டுக்குத் தகவல் அனுப்பினாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. ஏரி கோட்டைத் தொட்ட அன்று மத்தியானம், வழக்கம்போல் குலுக்கலை எல்லாத் தொலைக்காட்சிகளிலும் காட்டினார்கள். வானொலி இரைச்சல் ஒலிபெருக்கியில் கேட்டது. ஒன்பது பேர்கள் திரையில் ஓடி, மெதுவாகி, நின்றன.

சிலம்பேரி.

வாரியத்துக் கூடத்தில் நின்றிருந்த தாட்சாயணிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா, அவர்கள் இல்லை. உப்பங்குளத்தில் வெடி வெடித்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம்தான் தன் கையால், தன் தெருவில் இருக்கும் அத்தனை பேர் தலையிலும் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

மதகு திறக்க ஆறு மணி நேரம் அவகாசம் தருவார்கள். அவள் ஓடினாள். சிலம்பேரி ஜனங்களுக்கு ஓடத் தெரியவில்லை. உப்பங்குளத்துக்காரர்கள் எதைத் தூக்குவது, எதை விடுவது, பிள்ளைகளை எந்த லாரியில் ஏற்றுவது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். இங்கே காரில் பிரிட்ஜை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரு முனையில் வண்டிகள் சிக்கி, ஆளுக்கு ஆள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவளுடைய கீழ் வீட்டில் கனகவல்லி என்று ஒரு அம்மாள். ரயில்வேயில் டிக்கெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். முழங்கால் போய்விட்டது, நாக்கு மட்டும் போகவில்லை. மோட்டார் போடுவதிலிருந்து கேட்டைச் சாத்துவது வரைக்கும் தாட்சாயணியோடு சண்டை. பேச்சுவார்த்தை நின்றுபோய் ரொம்ப நாளாயிற்று.

தாட்சாயணி கதவைத் தட்டினாள். "அம்மா, கிளம்புங்க. பஸ் நிக்குது. நான் பிடிச்சுக்கறேன்."

"உன் குடம் சொன்னா நான் வீட்டை விட்டு ஓடணுமா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவு திறக்கவில்லை. "நான் இங்க வந்த நாள்லேர்ந்து ஒரு சொட்டு வந்ததில்லை. கடைசி நேரத்துல மதகை மாத்தித் திறப்பாங்க, எனக்குத் தெரியும். இங்க இருக்கறவங்க ஒண்ணும் அனாதை இல்லை."

"இல்லம்மா. இந்தத் தடவை நிச்சயம் வரும்."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே? நீதான் வரவழைச்சியா?"

ஆமாம் என்று அந்தக் கதவைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அந்த அம்மாள் அவளை அடிப்பதற்காவது வெளியே வந்திருப்பாள். தாட்சாயணி அதைச் சொல்லவில்லை. மீட்புப் படையினரிடம் போய், தரை வீட்டில் ஒரு வயதான அம்மாள் இருக்கிறாள், தூக்கிக்கொண்டாவது வாருங்கள் என்றாள். அவர்கள் போய்க் கதவை ஓங்கித் தட்டினார்கள். கனகவல்லி விளக்கை அணைத்துவிட்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆள் போய்விட்டது என்று எழுதிக்கொண்டு அவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, கட்டிலின்மேல் நாற்காலி, நாற்காலிமேல் ஸ்டூல் என்று அடுக்கியிருந்ததைப் பார்த்தார்கள். அந்த முழங்காலோடு அதன்மேல் ஏறப் பார்த்திருக்கிறாள்.

நிவாரண முகாமில் தாட்சாயணியோடு யாரும் பேசவில்லை. சாப்பாட்டு வரிசையில் அவள் நின்றால் முன்னால் இருப்பவர்கள் விலகி அவளைத் தனியாக விட்டார்கள். எதிர்வீட்டு வக்கீல் ஒருவர்தான் நேராக வந்து நின்றார்.

"உன் ஆபீஸ், உன் மெஷின், உன் சொந்தத் தெரு. ஒரு விரலை அசைச்சிருந்தாப் போதும், வேற பக்கம் போயிருக்கும். அந்த அம்மா உயிரோட இருந்திருப்பாங்க. என்ன ஜென்மம் நீ?"

அவள் விரலை அசைத்துத்தான் இது நடந்தது என்ற சந்தேகம் அவர்கள் யாருக்கும் வரவில்லை. அசைக்காமல் விட்டாள் என்பதுதான் அவர்களுடைய கோபம்.

முகாமிலிருந்து அவள் நேராக வில்பிரட்டின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னாள். முதல் குலுக்கலிலிருந்து ஞாபகத்தைப் போட்டது நான்தான், அதனால்தான் சிலம்பேரி மூழ்கியது, கனகவல்லி செத்ததற்குக் காரணம் நான், போலீஸில் சொல்லப் போகிறேன் என்றாள்.

வில்பிரட் அவளை வினோதமாகப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீங்க எழுதினதைப் படிக்காம வெச்சிருப்பேன்னு நெனைச்சீங்களா? அனுப்பின வாரமே வேற ஆளை வெச்சுப் பார்த்துட்டேன். கோட்டைமேட்டு வாய்ப்பு அவ்வளவு ஏறியிருக்குன்னதும் எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. சரி, நான் சொன்ன மாதிரியே மாத்தலாம்னு பார்த்தா, எந்த ஞாபகமா இருந்தாலும் கோர்ட்ல மாட்டினா ஜெயில்னு வாரியத்து வக்கீல் சொல்லிட்டார். எல்லாத்தையும் தூக்கிட்டுப் பழைய குடத்தையே திரும்ப வெச்சுட்டேன். அன்னிக்கு ஓடினது உங்க பழைய நிரல்தான். ஞாபகம் இல்லாதது."

"இல்லை."

"போய்ப் பாருங்க."

அவள் போய்ப் பார்த்தாள். இயந்திரத்தில் இருந்தது பழைய நிரல்தான். ஐப்பசிக்கு முன்பே ஏற்றியிருந்தார்கள். அவள் உண்டாக்கிய ஞாபகம் ஒரு குலுக்கலைக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் சிலம்பேரி வெறுமனே வந்திருக்கிறது. ஒன்பதில் ஒன்று. உப்பங்குளம் மூன்று முறை எப்படி வந்ததோ அப்படியே. கனகவல்லியை அவள் கொல்லவில்லை. யாரும் கொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழலாம் என்று பார்த்தாள், வரவில்லை. குற்றவாளியாக இருந்த இத்தனை நாளும் அந்தச் சாவுக்கு ஓர் அர்த்தமாவது இருந்தது. மூன்று தடவை முழுகினவர்களுக்காகச் செய்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பைத்தியம் பிடித்தவள்போல் திரையைத் திறந்து ஆயிரம் ஊர்களைத் தட்டிவிட்டாள். தூண்கள் எழுந்தன. தன்னிஷ்டத்துக்கு எழுந்தன.

அந்த வாரமே தேசம்மா வாரியத்துக்கு வந்தாள். வாசலில் குட்டியானையை நிறுத்திவிட்டு, தடுத்த காவலரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, நேராக உள்ளே வந்தாள். தாட்சாயணி பதறி எழுந்து சுவரோரம் போய்விட்டாள்.

"அடிக்க வரல, ஒக்காரு" என்றாள் தேசம்மா. தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க, தாட்சாயணியை விடச் சின்னவளாக இருப்பாள் போலிருந்தது.

"எங்க ஜனம் பேசிக்கிதுங்க. அன்னிக்கு அந்தம்மாவ அடிச்சு அனுப்பினோம், ஆனா அது போய் எங்களுக்காக எதையோ திருப்பி வுட்டுச்சு, தன் வூட்டையே முழுக வுட்டுச்சுன்னு. நான் நம்பல. அப்புறம் யோசிச்சேன். நான் கேட்டப்ப நீ சிலம்பேரின்னு உண்மையச் சொன்னே பாரு. மறைச்சிருக்கலாம், மறைக்கல." அவள் குரல் இறங்கியது. "நீதான பண்ணே? யார் கைலயும் சொல்ல மாட்டேன். நீ பண்ணேன்னா, அடுத்த மழைக்கும் எங்களைப் பார்த்துப்பேன்னு அர்த்தம். அதான் தெரிஞ்சிக்கணும்."

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு ஒரு மனித முகம் தாட்சாயணியைப் பகையில்லாமல் பார்த்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது முழுப் பொய்கூட இல்லை.

ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி இவர்கள் அடுத்த மழையில் மூட்டை கட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு, நம்ம பக்கம் வராது என்று.

"நான் மாத்தினேன் தேசம்மா. ஆனா அதை எடுத்துட்டாங்க. அன்னிக்கு ஓடினது பழசுதான். சிலம்பேரி தானா வந்தது."

"தானா."

"ஆமா."

"அப்போ அடுத்த மழைக்கு?"

"ஒன்பதுல ஒண்ணு. உங்களுக்கும், எல்லாருக்கும். வரலாம்னே நெனைச்சுத் தயாரா இருங்க."

தேசம்மாவின் முகம் கண் முன்னாலேயே மூடிக்கொண்டது. எழுந்தாள். காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"பண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? ஒரு ராத்திரியாவது தூங்கிருப்போம்."

தாட்சாயணி கதவுக்கு வருவதற்குள், வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.